நாலாம் நம்பர்ப் பெட்டி

ஹோலின்ர நடுவில நாலாய் மடிச்ச ஒரு போர்வை. அதுக்கு மேல குசினி வெட்டுப்பலகை. பலகையில ரெண்டு தேசிக்காய். பலகைக்கு முன்னால என்ர மகள் ஆரணி, ஒன்பது வயது, புத்தம் புது ஐஸ் ஹொக்கி ஸ்கேட் ரெண்டையும் மாட்டிக்கொண்டு, தேப்பனின்ர தோளைப் பிடிச்சபடி நிக்கிறாள்.

“வலது காலை முதல் வை, குஞ்சு” எண்டார் இவர். அவள் வைச்சாள். தேசிக்காய் நசிஞ்சு சாறு பலகையால வழிஞ்சு போர்வையில ஊறிச்சுது. இடது காலுக்கும் அப்பிடித்தான். ரெண்டு தேசிக்காயும் நசிஞ்சதே ஒழிய வெட்டுப்படேல்லை. பிளேட் இன்னும் தீட்டேல்லை எண்டது இவருக்குத் தெரியாது. ஏன் தீட்டேல்லை எண்டது எனக்கு மட்டும்தான் தெரியும் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

தேசிக்காய் யோசனை இவரின்ரதான். புதுக் கார் எடுத்தால் கோயில் கார்ப் பார்க்கில நாலு ரயருக்கும் கீழ தேசிக்காய் வைச்சு ஏத்திறம். இதுவும் ஓடுற சாமான்தானே, அதுவும் எங்கட பிள்ளை ஏறி ஓடுற சாமான் எண்டார். ரெண்டு பிளேட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைச்சுக் கற்பூரம் காட்ட, புகை அலாரம் கத்தத் தொடங்கிச்சுது. நான் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு, துவாயால விசுக்கிக்கொண்டே மற்றக் கையில போனைப் பிடிச்சு வீடியோ எடுத்தன்.

அந்த வீடியோவை யூனியன்வில்லில இருக்கிற அக்காவுக்கு அனுப்பினன். லண்டன் சித்திக்கு அனுப்பினன். நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்துக் குசினியில, சூப் கிண்டுற நேரத்தில, என்னோட நிண்ட எல்லாருக்கும் காட்டினன். தங்கட பிள்ளையளின்ர ஹொக்கிக் கதையை அவையள் கதைக்கேக்குள்ள பத்துப் பன்ரெண்டு வருசமாச் சும்மா தலையாட்டிக்கொண்டு நிண்டவள் நான். இனி எனக்கும் ஒரு கதை இருக்கு எண்ட புளுகம். அண்டைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை இப்ப நினைச்சாலும் வெக்கமாயும் கிடக்கு, பாவமாயும் கிடக்கு.

வளர்ற பிள்ளை

போன கிழமை தமிழ்க்கடையில கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிக்க ஒரு அம்மா வந்து, “நீங்கள்தானே பேப்பரில எழுதிறனீங்கள், எல்லாத்தையும் எழுதிறியள், உங்கட பிழையளையும் எழுதுங்கோவன்” எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. கத்தரிக்காயை விட்டிட்டு அவவைத் தேடினன், காணேல்லை. அவவுக்குத்தான் இந்த அத்தியாயம்.

எங்கட சனத்திட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை, ஆனால் ஒருத்தரும் மீறமாட்டம். பிள்ளைக்கு எது வாங்கினாலும் ஒரு அளவு பெரிசா வாங்கவேணும். ஏன்? வளர்ற பிள்ளை. ஸ்நோவுக்குப் போடுற உடுப்பைப் பாருங்கோ. முதல் வருசம் கையும் காலும் மூண்டு மடிப்பு, ரெண்டாம் வருசம் ஒரு மடிப்பு, மூண்டாம் வருசம் அளவாய் வரேக்குள்ள முழங்கால் கிழிஞ்சிருக்கும். அளவான உடுப்பைப் புதுசாப் போட்ட பிள்ளையை நான் எங்கட ஆக்களுக்குள்ள கண்டதில்லை.

நான் மட்டும் என்ன திறம்? இந்த நாட்டுக்கு வந்த முதல் விண்டருக்கு நான் வாங்கின பூட்ஸ் ஆம்பிளையளின்ரது. முன்னுக்குப் பேப்பர் அடைஞ்சு போட்டன். என்ர கால் வளர்ற வயதெல்லாம் முடிஞ்சுது, எண்டாலும் பெரிசா எடுத்தால் நட்டமில்லை எண்டு ஒரு எண்ணம். ஒரு நாள் பஸ் தரிப்பில ஸ்நோவுக்குள்ள வலது பூட்ஸ் புதைஞ்சு நிக்க, நான் சொக்ஸ் காலோட பஸ்ஸுக்குள்ள ஏறிப்போட்டன். ட்ரைவர் இறங்கிப் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து தந்தார். அதுக்குப் பிறகும் அந்தப் பூட்ஸை ஏழு விண்டர் போட்டனான்.

ஆரும் “கடிக்குதா?” எண்டு கேட்டால் “சீச்சீ, இல்லை” எண்டு சொல்லுவன். “பெரிசா இருக்கா?” எண்டு கேட்டாலும் “சீச்சீ, சரியா இருக்கு.” வாங்கித் தந்தவை மனம் நோகக்கூடாது. அப்பிடித்தான் எங்களை வளத்தவை. அந்த வளப்பு என்ர பிள்ளைக்கும் போயிருக்கு எண்டு எனக்குப் பிறகுதான் தெரிஞ்சுது.

நசீர் நானாவின்ர அளவு

ஆரணிக்கு இந்த ஆசை பள்ளிக்கூடத்தால ஐஸுக்குக் கூட்டிக்கொண்டு போன நாளிலயிருந்து வந்தது. எங்கட வீட்டுக்குப் பக்கத்து அரீனாவில சின்னப் பொம்பிளைப்பிள்ளையளுக்குச் சனிக்கிழமை ஹொக்கி பழக்கிறாங்கள் எண்டு ஒரு கடதாசி கொண்டுவந்தாள். அக்கா உடனே, பொம்பிளைப்பிள்ளைக்கு ஏன் உந்த அடிதடி, வெள்ளை நிறத்தில வடிவான ஸ்கேட் இருக்கு, அதை வாங்கிக் குடு எண்டா. ஆரணி அழுதாள். வெள்ளைக்கு முன்னுக்குப் பல்லுப் பல்லா இருக்கும், ஹொக்கி ஸ்கேட்டுக்குப் பல்லு இல்லை, தனக்குப் பல்லில்லாததுதான் வேணும் எண்டு நிண்டாள்.

இவர் ஒஷாவாவில வேலையில நிண்டபடியால் நானும் அவளும்தான் கடைக்குப் போனம். ஒரு பக்கம் புதுச் சாமான், மற்றப் பக்கம் ஆக்கள் போட்டுக் கழிச்ச சாமான் விக்கிற கடை. ரெண்டு பேரும் தமிழில இழுபறிப்பட்டுக்கொண்டு நிக்க, பின்னாலயிருந்து ஒரு குரல், “புள்ளைக்கு எத்தின வயசு தங்கச்சி?” எண்டுது. அவர்தான் நசீர் நானா. கல்முனைப் பக்கத்து ஆள், அவையள் அண்ணனை நானா எண்டுதான் கூப்பிடுவினம். ஸ்கேட் அளவு பாத்துக் குடுக்கிறதும் தீட்டிறதும்தான் அவருக்குக் கன வருசமா வேலை. தான் ஒரு நாளும் ஐஸில ஏறினதில்லை எண்டதைப் பெருமையாச் சொல்லுவார். மீன் விக்கிறவன் கடலில நீந்தவேணுமோ எண்டு கேப்பார்.

அவர் அளவு பாத்த விதத்தை நான் வடிவாப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். பிள்ளையை வாங்கில இருத்தி, மெல்லிசா ஒரு சொக்ஸ் மட்டும் போடச் சொன்னார். ஸ்கேட்டை மாட்டிக் குதிக்காலை நிலத்தில ரெண்டு தரம் இடிக்கச் சொன்னார். குதிக்கால் பின்னுக்குப் போய் இருக்கவேணுமாம். பிறகு கீழயிருந்து மேல ஒவ்வொரு துளையா லேஸை இறுக்கி எழுப்பி நிப்பாட்டினார். நிமிந்து நிண்டால் பெருவிரல் முன்னுக்குப் பட்டும் படாமலும் இருக்கவேணும், முழங்காலை மடிச்சால் விரல் கொஞ்சம் விலகவேணும், குதிக்கால் மட்டும் அசையக்கூடாது. ஆரணி மடிச்சும் நிமிந்தும் காட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

ரெண்டாம் நம்பர் எண்டு ஒரு துண்டில எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போடுற சப்பாத்தே மூண்டாம் நம்பர். இவர் அதிலயும் குறைக்கிறார். ஸ்கேட் அப்பிடித்தான் தங்கச்சி, சப்பாத்து நம்பரை விடக் குறைஞ்சுதான் வரும் எண்டார். வளர்ற பிள்ளை நானா எண்டு நான் இழுத்தன்.

“வளரட்டும். வளந்தா கொண்டுவாங்க, மாத்தித் தாறன். வளர முந்திப் பெரிசு போட்டா கால் உள்ளுக்குள்ள நிக்காது, கணுக்கால் மடிஞ்சு போகும்” எண்டார். இனி இதை அங்க இருக்கிற சின்னப் போறணையில வைச்சுச் சூடாக்கிப் பிள்ளையின்ர காலுக்குப் படிய வைப்பன், பிளேட்டையும் தீட்டித் தருவன், புதுசு தீட்டாமல்தான் வரும், அப்பிடியே ஐஸில இறக்கக்கூடாது எண்டார்.

சூடாக்கித் தீட்டினால் பிறகு மாத்த ஏலாது எண்டு என்ர மூளை கெதியா வேலை செய்துது. இப்ப வேண்டாம் நானா, நேரமில்லை, பேந்து கொண்டுவாறன் எண்டன். அவர் ஒரு மாதிரிப் பாத்தார். அந்த நேரம் பாத்து வேற ஒரு குடும்பம் கூப்பிட, அங்கால போட்டார். ஆரணி தூரத்தில ஹொக்கி மட்டையளைத் தடவிக்கொண்டு நிண்டாள்.

நான் ரெண்டாம் நம்பர்ப் பெட்டியைத் தட்டில திருப்பி வைச்சன். அதே கறுப்பு, அதே மாதிரி, நாலாம் நம்பர்ப் பெட்டியை எடுத்தன். காசு குடுக்கிற இடத்துக்கு விறுவிறெண்டு நடந்தன். அரை அளவு கூட்டியிருந்தாலாவது கடவுள் மன்னிப்பார். நான் ரெண்டு அளவு கூட்டினன். காருக்குள்ள ஏறேக்குள்ள, மூண்டு வருசம் போடலாம் எண்டு எனக்குள்ள ஒரு வெற்றி.

சனிக்கிழமையள்

பூசைக்குப் பிறகு ஸ்கேட் நாலு நாள் சாமிப்படத்துக்குக் கீழ இருந்தது. சாறும் சந்தனமும் ஊறின பிளேட்டுக்கு மேல பிளாஸ்ரிக் உறையைப் பூட்டி, துவாயால சுத்தி, கவனமா வைச்சம். சனிக்கிழமை அரீனாவில உறையைக் கழட்டினால் பிளேட் முழுக்கச் செங்கறள். ஐஸில நிண்டு பழக்கிற பொம்பிளை குனிஞ்சு பாத்துப்போட்டு, இது புதுசு எண்டு சொன்னீங்களே எண்டு கேட்டா. பிளேட் மொட்டையாயும் கிடக்கு, தீட்டிக்கொண்டு வாங்கோ எண்டா. அரீனாவிலயே ஒருத்தர் தீட்டுவார். இவர் ஓடிப்போய்த் தீட்டுவிச்சுக்கொண்டு வந்தார். கறளும் போட்டுது.

ஆனால் நம்பர் போகேல்லையே.

முதல் கிழமை ரெண்டு சொக்ஸ் போட்டுவிட்டன். அடுத்த கிழமை மூண்டு, அதில ஒண்டு கம்பளிச் சொக்ஸ். லேஸை என்ர விரல் வெளிறுமட்டும் இழுத்துக் கட்டினன். மேல எவ்வளவு இறுக்கினாலும் உள்ளுக்குள்ள கால் அதின்ர பாட்டில ஆடிச்சுது. ஐஸில இறங்கினவுடன ரெண்டு கணுக்காலும் உள்ளுக்கு மடியும். மற்றப் பிள்ளையள் முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்து வட்டம் அடிக்க, ஆரணி ஓரப் பலகையைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தாள். விழுந்தால் எழும்பேக்குள்ள திரும்பவும் கணுக்கால் மடிஞ்சு விழுவாள். நான் கண்ணாடிக்கு இஞ்சாலப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையோட இருந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தன்.

நாலைஞ்சு கிழமை போனாப்பிறகு அந்தப் பொம்பிளை எங்களைக் கூப்பிட்டா. பொங்கல் கழிஞ்சு வாற ஞாயிறு ரீம் பிரிக்கப்போறம், ஒரு சுத்துச் சுத்தி, பலகையைப் பிடிக்காமல் நிண்டு திரும்பத் தெரிஞ்ச பிள்ளையளைத்தான் எடுப்பம், உங்கட பிள்ளைக்குக் கணுக்கால் பலம் காணாது போல கிடக்கு, அடுத்த வருசம் பாப்பமோ எண்டு ஆறுதலாத்தான் சொன்னா. இவருக்கு முகம் செத்துப்போச்சு. சொல்லடி, இப்பவே சொல்லடி எண்டு உள்ளுக்குள்ள ஒருத்தி கத்தினாள். நான் வாயைத் திறக்கேல்லை.

வீட்ட வரேக்குள்ள பின் சீற்றிலயிருந்து ஆரணி, “என்ர கால்தான் சரியில்லை, அம்மா” எண்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறது எண்டு சொல்லுவினம். நான் அண்டைக்கு அதைத்தான் செய்தன். வெளியில ஸ்நோ கொட்டிக்கொண்டிருக்க, ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டிவிட்டன்.

நல்லெண்ணெய்

அடுத்த நாளிலயிருந்து இவர் வைத்தியம் தொடங்கினார். பின்னேரம் வேலையால வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடிக்க முதல் நல்லெண்ணெயைச் சின்னச் சட்டியில இளஞ்சூடாக் காய்ச்சுவார். சோபாவில பிள்ளையை இருத்தி, தான் நிலத்தில சப்பாணி கட்டி இருந்து, கணுக்காலுக்கு எண்ணெய் போட்டு உருவி விடுவார். ஒரு காலுக்குப் பத்து நிமிசம். கூச்சம் எண்டு சொல்லி ஆரணி சொக்ஸைக் கழட்டமாட்டாள், குதிக்கால் தெரியாமல் கணுக்கால் மட்டும் மடிச்சுவிடுவாள். கோயிலில தெரிஞ்ச ஆரோ ஒருத்தர், காலுக்கெண்டு பெரிய டொக்டர் இருக்கிறார், கடிதம் எடுத்துக் காட்டுங்கோ எண்டு சொல்ல, அதுக்கும் நாள் கேட்டு வைச்சார். தன்ர பக்கத்தில மச்சாளுக்கும் இப்பிடிக் கால் பலமில்லை, பரம்பரையோ தெரியாது எண்டு என்னட்டைக் கவலைப்பட்டார்.

ஒரு குறையும் இல்லாத காலை அந்த மனுசன் உருவிக்கொண்டு இருந்தார். நான் அடுப்படியில நிண்டு பாத்துக்கொண்டு இருந்தன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் எண்டு சும்மாவா சொன்னவை? அந்தக் கிழமை ரெண்டு தரம் கறிக்கு உப்புப் போட மறந்தன்.

வியாழக்கிழமை எண்டு நினைக்கிறன். இவர் எண்ணெய்ச் சட்டியோட வர, ஆரணி காலை நீட்டமாட்டன் எண்டாள். ஏனெண்டு கேட்டால் சொல்லுறாள் இல்லை. நான் கிட்டப் போய்ச் சொக்ஸைக் கழட்டினன். குதிக்காலில ரெண்டு பக்கமும் பிளாஸ்ரர். தானே எடுத்து ஒட்டியிருக்கிறாள். தூக்கிப் பாத்தால் பழைய கொப்புளம் உடைஞ்சு, அதுக்கு மேல புதுக் கொப்புளம். எத்தினை கிழமையா எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்.

இவர் பதறிப்போய், ஹொக்கியும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், நாளைக்கே அந்த ஸ்கேட்டைக் குடுத்துவிடுவம் எண்டார். ஆரணி தலையைக் குனிஞ்சாள். அந்தக் குனிஞ்ச தலையைப் பாக்க என்னால ஏலாமல் போச்சுது.

“எண்ணெயை அங்கால வையுங்கோ. பிள்ளையின்ர காலில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில” எண்டன். பெட்டியை மாத்தினதிலயிருந்து சொக்ஸ் மூண்டு போட்டது வரைக்கும் ஒண்டும் விடாமல் சொன்னன். இவர் சட்டியை மேசையில வைச்சிட்டு, சாரத்தோடயே பல்கனிக்குப் போய் அந்தக் குளிருக்குள்ள நிண்டார். பேசியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

நான் பிள்ளைக்குப் பக்கத்தில இருந்தன். அம்மாவை மன்னிச்சுக்கொள் குஞ்சு எண்டன். அவள் பிளாஸ்ரரைத் திருப்பி ஒட்டிக்கொண்டு, “ஐ நோ, அம்மா. எனக்கு அண்டைக்கே தெரியும்” எண்டாள்.

எண்டைக்கு எண்டு கேட்டன்.

“தேசிக்காய் அண்டைக்கு. போட்ட உடன தெரிஞ்சுது, கடையில போட்டது இது இல்லை எண்டு. பெட்டியிலயும் ஃபோர் எண்டு இருந்தது.”

ஏன் பிள்ளை சொல்லேல்லை எண்டு கேட்டன்.

“நீங்கள் வீடியோ எடுத்துக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அப்பிடி நீங்கள் சிரிக்கிறதில்லை. அதான் என்ர காலிலதான் பிழை எண்டு சொன்னன்.”

நான் அழுதன். வேற என்ன செய்யிறது? கொஞ்சத்தால இவர் நடுங்கிக்கொண்டு உள்ள வந்து, ஆறிப்போன எண்ணெயைத் திருப்பிக் காய்ச்சி, தன்ர பாதத்துக்குத் தானே பூசிக்கொண்டு, நாளைக்குக் கடை எத்தினை மணிக்குத் திறக்கும் எண்டு கேட்டார்.

ஆரோ போட்ட ஸ்கேட்

அடுத்த நாள் நசீர் நானா பெட்டியைத் திறக்கமுதலே என்ர முகத்தைப் பாத்தார். நம்பரைப் பாத்தார். நான் எழுதித் தந்தது இது இல்லையே தங்கச்சி எண்டார். நான் மாத்தினனான் நானா எண்டன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், கடையில மாறிப்போச்சு எண்டு. ஆனால் ஆரணி பக்கத்தில நிண்டாள்.

அவருக்குக் கோவம் வந்தது உண்மை. பெட்டியைப் படாரெண்டு மேசையில வைச்சார். பிறகு பிளேட்டை வெளிச்சத்துக்குப் பிடிச்சு, ஓரத்தில இன்னும் கிடந்த கறள் புள்ளியை விரலால தடவி, பிளேட் இருக்கிற அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் இடுக்கைப் பாத்தார். அதுக்குள்ள குங்குமம் காய்ஞ்சு கிடந்தது.

“தேசிக்கா மிதிச்சீங்களா?”

இவர் ஓம் எண்டு தலையாட்டினார். நானாவுக்குக் கோவம் எங்க போச்சோ தெரியாது, சிரிக்கத் தொடங்கிட்டார். எங்கட ஆக்கள் இதுக்கு முதலும் கொண்டுவந்திருக்கினமாம். புளி பட்டால் இரும்பு கறள் பிடிக்கும் எண்டு சமைக்கிற உங்களுக்குத் தெரியாதா எண்டு என்னைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. நான் நாளுக்கு அம்பது பேருக்குச் சமைக்கிறவள்.

ஐஸில போட்டதைப் புதுசா மாத்தித் தர ஏலாது எண்டார். அதைத் தான் பழைய சாமான் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு, அங்கயிருந்து ரெண்டாம் நம்பர் ஒண்டு தேடிக்கொண்டு வந்தார். ஆரோ ஒரு பிள்ளை ஒரு வருசம் போட்டது. மூக்குப் பக்கம் கீறல், உள்பக்கம் மெத்தெண்டு படிஞ்சிருந்தது. ஆரணி ஒரே ஒரு மெல்லிசுச் சொக்ஸோட மாட்டி, குதிக்காலை இடிச்சு, எழும்பி நிண்டாள். கணுக்கால் நேரா நிண்டுது. நானா அவளின்ர காலைக் காட்டி என்னைப் பாத்தார். பூசை செய்த புதுசு அங்க கிடக்க, ஆரோ கழிச்ச பழசில என்ர பிள்ளை கம்பீரமா நிண்டாள்.

தீட்டித் தரேக்குள்ள வரிசையாச் சொன்னார். ஐஸால இறங்கின உடன பிளேட்டைத் துடையுங்க, துடைச்சுப்போட்டுத் திருப்பியும் துடையுங்க. பிளாஸ்ரிக் உறை நடக்க மட்டும்தான், அதோட மூடி வைச்சா உள்ளுக்குள்ள ஈரம் நிண்டு கறள் பிடிக்கும். வீட்ட போனா ஸ்கேட்டின்ர நாக்கை இழுத்து வாயை விரிச்சுக் காய விடுங்க, ஹீற்றருக்குக் கிட்ட வைக்காதீங்க. உறையில்லாம வெறும் நிலத்தில நடந்து மொட்டையாக்கிக் கொண்டுவந்தா இரக்கமில்லாமத் திருப்பி அனுப்புவன். பொட்டு வைக்கணுமெண்டா பெட்டியில வைங்க.

அண்டையிலயிருந்து எங்கட வீட்டில இவரின்ர பழைய பருத்தி வேட்டி ஒண்டு துண்டு துண்டா ஸ்கேட் பைக்குள்ள போயிட்டுது. சனிக்கிழமை ஐஸ் முடிய இவர் வாங்கில இருந்து, அந்தத் துண்டால பிளேட்டை நுனியிலயிருந்து அடி வரைக்கும் துடைச்சு, ரெண்டு விளிம்பையும் விடாமல் ஆணியடியையும் துடைப்பார். பக்கத்தில இருக்கிற வெள்ளைக்காரத் தேப்பன்மார் அதைப் பாத்துத் தாங்களும் திருப்பி ஒருக்கால் துடைப்பினம்.

பொங்கல் கழிஞ்ச அந்த ஞாயிறு ஆரணி ஒரு முழுச் சுத்துச் சுத்தினாள். திரும்பேக்குள்ள விழுந்தாள். ஆனால் கணுக்கால் மடிஞ்சு விழேல்லை, கெதியாப் போய் விழுந்தாள். எழும்பி, ஸ்நோவைத் தட்டிப்போட்டு, பலகையைப் பிடிக்காமல் மிச்சத்தை முடிச்சாள். கடைசி ரீமில கடைசிப் பேராப் போட்டினம். அந்தப் பேரைக் கண்ணாடியில ஒட்டின கடதாசியில நான் மூண்டு தரம் வாசிச்சன்.

போன ஞாயிறு

ஆரணிக்கு இப்ப பதினேழு. அந்தக் கடைசி ரீமிலயிருந்து மேல வந்து, இப்ப தானே சின்னப் பிள்ளையளுக்கு லேஸ் கட்டிவிடப் போறாள். எல்லா அம்மாமாரிட்டயும் நம்பரைக் கேப்பாளாம், பெட்டியையும் பாப்பாளாம்.

போன ஞாயிறு என்னை வற்புறுத்தி நசீர் நானாவின்ர கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடும்பத்தோட ஐஸில போற நேரம் அரீனாவில இருக்கு, இந்த விண்டர் நீங்களும் இறங்கிறியள் எண்டு முடிவு. அம்பதைத் தாண்டின கால் இது, முறிஞ்சால் குசினியில ஆர் நிக்கிறது எண்டு கேட்டுப் பாத்தன், எடுபடேல்லை. இவர் வரேல்லை. தன்ர கால் பரம்பரையாப் பலமில்லாத கால் எண்டு இப்ப சொல்லுறார்.

நானாவுக்குத் தலை முழுக்க நரைச்சுப்போச்சு. இன்னும் ஐஸில ஏறேல்லையாம். எனக்கு ஆறாம் நம்பர் எழுதினார். நான் போடுற சப்பாத்து ஏழரை. நான் வாயைத் திறக்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில என்னைப் பாத்தினம். மூடிப்போட்டன்.

லேஸ் கட்டினது ஆரணி. நிலத்தில குந்தியிருந்து, கீழயிருந்து மேல, ஒவ்வொரு துளையா இறுக்கினாள். எழும்பி நிண்டன். வாழ்க்கையில முதல் தரமா என்ர காலில ஒரு சாமான் இவ்வளவு கிட்டப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஆனால் இடது சின்னவிரலில ஒரு நெரிவு.

“கடிக்குதா, அம்மா?”

“சீச்சீ, இல்லை” எண்டன்.

அவள் எழும்பேல்லை. லேஸை விடாமல் பிடிச்சபடி, அண்ணாந்து என்னைப் பாத்துக்கொண்டு அப்பிடியே இருந்தாள். நானாவும் பென்சிலைக் கையில வைச்சுக்கொண்டு காத்துக்கொண்டு நிண்டார்.

“ஓம்” எண்டன். “இடது காலில, சின்னவிரல். கடிக்குது.”